காசநோயிலிருந்து மீண்ட ஸ்டாப்பர்: தியாகோ சில்வாவைப் பற்றி ஓர் ஐயம்

கேள்வி: திருநகர்த் தாய்மாமன்

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். கால்பந்து என் அக்கா மகன் வழியாக எனக்கு வந்த பழக்கமே தவிர, ஆட்டத்தின் நுணுக்கம் எதுவும் எனக்குத் தெரியாது. கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மருமகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. பள்ளி நாளிலிருந்தே ஸ்டாப்பர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவனாக, ஆடுபவன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் மாலையானால் காய்ச்சலும், விடாத இருமலும் தொடங்கின. பயிற்சியில் தூசி பட்டதால் வந்த இருமல் என்று நாங்களே முடிவு செய்து, கஷாயம் வைத்துக் கொடுத்து ஒரு மாதத்தை வீணாக்கினோம். ஆவணியில் சளிப் பரிசோதனை செய்தபோது காசநோய் என்று உறுதியானது. ஆறு மாத மருந்தை ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டு, மாசி மாதக் கடைசியில் முடித்துவிட்டான். நோய் குணமாகிவிட்டது, மெதுவாக ஓடத் தொடங்கலாம் என்று மருத்துவர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

ஓடத் தொடங்கியவன் பாதியில் நின்றுவிட்டான். ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்கு அழைத்துச் சென்றால் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறான். உடன் ஆடும் பையன்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். ஆனாலும் அவன் குடிக்கும் தண்ணீர் பாட்டிலை மட்டும் தனியாக, மரத்தடியில் வைத்திருந்ததை நானே பார்த்தேன். “ஒரு வருடம் போனதுகூடப் பரவாயில்லை மாமா, வேகம் போய்விட்டது” என்று அவன் சொன்னபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சென்ற வாரம் நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு, கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்தின் செல்சியும் பிரேசிலின் ஃப்ளுமினென்சேவும் மோதிய ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். ஃப்ளுமினென்சே 2-0 என்று தோற்றது. அந்த அணியின் தற்காப்பு வரிசையில் நடுவே நின்றவருக்கு நாற்பது வயது என்றும், அவர் பெயர் தியாகோ சில்வா என்றும் சொன்னான். மறுநாள் கடைக்கு ஒயர் வாங்க வந்த வாடிக்கையாளர் ஒருவர், அந்த மனிதருக்கும் இளம் வயதில் இதே நோய் வந்து பிழைத்ததாகச் சொன்னார். இதை மருமகனிடம் சொல்வதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். ஆறுதலுக்காகப் பொய் சொன்னேன் என்று பிற்பாடு அவன் நினைத்துவிடக் கூடாது.

அது உண்மையா? உண்மை என்றால் எத்தனை நாள் ஆடாமல் இருந்தார், பிறகு எப்படி இவ்வளவு காலம் ஆட முடிந்தது? அவருடைய ஆட்டத்தில் என் மருமகன் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

பதில்: பழங்காநத்தம் இரவு ரசிகன்

ஐயா, உங்கள் வாடிக்கையாளர் சொன்னது உண்மை. தயங்காமல் சொல்லுங்கள். அந்த நோய் அவருக்கு வந்தபோது வயது இருபது. உங்கள் மருமகனைவிட ஒரே ஒரு வயது மூத்தவர்.

தியாகோ சில்வா 1984 செப்டம்பர் 22 அன்று ரியோ டி ஜெனிரோவில், வசதி இல்லாத குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது பல கிளப்புகளின் தேர்வு ஆட்டங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர். கடைசியில் ஊரை விட்டு பிரேசிலின் தெற்குக் கோடிக்குப் போய், ஜுவென்டூட் என்ற கிளப்பின் சட்டையில் 2004-ஆம் ஆண்டு முதல் பிரிவு லீகில் கால் வைத்தார். அங்கே அவரைப் பார்த்த பயிற்சியாளர்களில் ஈவோ வோர்ட்மன் என்பவரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் திரும்பவும் வருவார்.

ஒரு பருவம் நன்றாக ஆடியதும், அந்த ஆண்டுதான் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றிருந்த போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப் அவரை வாங்கியது. வாங்கிய கிளப் அவரை முதல் அணியில் ஒரு முறைகூட இறக்கவில்லை. இரண்டாம் நிலையான ‘பி’ அணியில்தான் ஆட வைத்தது. 2005-இன் தொடக்கத்தில் ரஷ்யாவின் டைனமோ மாஸ்கோ அணிக்கு இரவலாக அனுப்பியது. உடம்பு அதற்கு முன்பே சரியில்லாமல்தான் இருந்திருக்கிறது. மாஸ்கோவில் பரிசோதித்தபோதுதான் காசநோய் முற்றியிருப்பது தெரிந்தது. மொழி தெரியாத ஊரில், பனிக்காலத்தில், ஏறத்தாழ ஆறு மாதம் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். நுரையீரலில் ஒரு பகுதியை அறுத்து எடுத்துவிடலாமா என்றுகூட மருத்துவர்கள் யோசித்திருக்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் இன்று நாம் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். டைனமோவுக்காக அவர் ஒரு லீக் ஆட்டத்திலும் இறங்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று அவர் நினைத்ததையும், அவருடைய தாயார்தான் அந்த எண்ணத்தை மாற்றியதையும் அவரே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

2006-இல் ஃப்ளுமினென்சே அவரை எடுத்துக்கொண்டது. எடுக்கச் சொன்னவர் அதே வோர்ட்மன். நோய் கண்ட ஆட்டக்காரனை யாரும் நம்பிக் கையெழுத்து வாங்காத நேரத்தில், முன்பு கண்ணால் பார்த்த ஆட்டத்தை நம்பி ஒருவர் கதவைத் திறந்தார். மறு ஆண்டே, 2007-இல், அந்த அணி பிரேசில் கோப்பையை வென்றது. 2008-இல் தென்னமெரிக்காவின் பெரிய கோப்பையான லிபர்ட்டடோரஸ் இறுதி ஆட்டம் வரை போய், எக்குவடோரின் எல்டியு கீட்டோ அணியிடம் பெனால்டியில் தோற்றது. அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம்.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதி. 2008 டிசம்பரில் இத்தாலியின் ஏசி மிலன் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் ஆட்டக்காரர்களுக்கான ஒதுக்கீடு அந்தப் பருவத்துக்கு ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், 2009 கோடை வரை ஒரு போட்டி ஆட்டத்திலும் அவர் இறங்க முடியவில்லை. மறுபடியும் ஓர் அரை ஆண்டு. ஆனால் இந்த முறை அவர் பயிற்சி எடுத்தது யார் இருந்த அணியில் என்று பாருங்கள்: ஓய்வு பெறும் பருவத்தில் இருந்த பாவ்லோ மால்டினி, அவரோடு அலெசாண்ட்ரோ நெஸ்டா; இருவரும் இத்தாலியின் பெயர்பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர்கள். ஆட முடியாமல் உட்கார வைக்கப்பட்ட ஒருவனுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் உலகத்தில் அப்போது இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மாஸ்கோவில் கழிந்த ஆறு மாதமும் மிலனில் கழிந்த ஆறு மாதமும் காகிதத்தில் ஒன்றுதான். இரண்டிலும் ஆடிய ஆட்டம் சுழியம். 2010-11 பருவத்தில் மிலன் இத்தாலி லீகை வென்றபோது அதன் தற்காப்பைத் தாங்கியவர் இவர்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012-இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். எட்டுப் பருவங்கள், பெரும்பாலும் அணித்தலைவராக, ஏழு பிரெஞ்சு லீக் பட்டங்கள். 2020 ஆகஸ்ட் 23 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் பயர்ன் மியூனிக்கிடம் 1-0 என்று தோல்வி. முப்பத்தைந்து வயதாகிவிட்டது என்று அந்தக் கிளப் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஐந்தாம் நாள் செல்சி அவரை எடுத்துக்கொண்டது. ஒன்பது மாதம் கழித்து, 2021 மே 29 அன்று, அதே சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் செல்சி மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்றது. இஸ்தான்புல்லில் நடக்க வேண்டிய அந்த ஆட்டம் கொரோனா காரணமாக இடம் மாற்றப்பட்டு நடந்த ஊர் எது தெரியுமா? போர்ட்டோ. தன்னை ‘பி’ அணியில் வைத்திருந்த ஊரில்தான் அவர் அந்தக் கோப்பையைத் தூக்கினார். முழு ஆட்டமும் ஆடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொடைப் பகுதியில் பிடிப்பு ஏற்பட்டு 39-ஆம் நிமிடத்தில் வெளியேறி, மீதியைக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்.

உங்கள் மருமகனும் இப்போது கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

பதில்: பசுமலைப் பழைய ஸ்டாப்பர்

தம்பி, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். நான் தொண்ணூறுகளில் இங்கே மாவட்ட லீகில் பத்து ஆண்டு ஸ்டாப்பராக ஆடியவன். திண்டுக்கல் பக்கம் கோடையில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்களுக்கும் போவேன். எங்கள் காலத்தில் ஸ்டாப்பர் என்றால் உயரமாக இருக்க வேண்டும், வந்த பந்தை வானத்துக்கு அடிக்க வேண்டும், எதிரே வருபவன் பயப்பட வேண்டும். சறுக்கிப் போய்ப் பந்தைப் பறித்தால் கூட்டம் கைதட்டும். நானும் கைதட்டலுக்காகச் சறுக்கியவன்தான்; இன்று படியேறும்போது இரண்டு முழங்காலும் அதற்குச் சாட்சி சொல்கின்றன.

தியாகோ சில்வாவின் ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் அபூர்வமாகத்தான் சறுக்குவார். சறுக்குவது என்பது நிற்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவன் செய்யும் கடைசி வைத்தியம். அவர் இடத்தைத் தவறவிடுவது குறைவு என்பதால் வைத்தியமும் குறைவு. உங்கள் மருமகன் “வேகம் போய்விட்டது” என்கிறான் அல்லவா, அதற்கு என் பதில் இதுதான்: ஸ்டாப்பருக்குத் தேவையான வேகத்தில் பாதி, பந்து உதைபடுவதற்கு முன்பே செலவாகிவிட வேண்டிய வேகம். எதிரணி நடுக்களக்காரன் பந்தைத் தன் வலது காலுக்குத் தள்ளித் தலையை நிமிர்த்தும் அந்த நொடியில் இவர் இரண்டு எட்டு பின்னால் வந்திருப்பார். பந்து வந்து சேரும்போது, ஏதோ அவருக்கே யாரோ கொடுத்தது போல இருக்கும். ஓடிப் பிடித்ததாக யாருக்கும் தெரியாது.

கைபேசியில் ஆட்டம் பார்க்கும்போது கேமரா பந்தின் பின்னாலேயே போகும் என்பது ஒரு தொல்லை. ஆகவே எதிரணி பந்தோடு முன்னேறும் நேரங்களை மட்டும் எடுத்து, பந்தைப் பார்க்காமல் இவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விஷயங்கள் கண்ணில் படும். உடம்பை நேராக எதிராளிக்குக் காட்டி நிற்க மாட்டார். பாதி திரும்பிய நிலையில், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நிற்பார். அப்படி நின்றால்தான் பந்து தலைக்கு மேல் போனாலும் திரும்பி ஓடுவதற்கு ஓர் எட்டு மிச்சமாகும். அடுத்தது கை. பக்கத்தில் நிற்பவனைக் கையால் நகர்த்திக்கொண்டே இருப்பார், வாயும் ஓயாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பந்து வலப்பக்கம் இருக்கும்போது அவர் தலை இடப்பக்கம் திரும்பும். முதுகுக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறான் என்று பார்த்துவிட்டுப் பந்துக்கு வருவார், மறுபடி பின்னால் பார்ப்பார்.

நான் பையன்களுக்குச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. வீட்டில் புளி உடைக்கும்போது கிடைக்கும் புளியங்கொட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து வலது பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டாப்பர் ஒவ்வொரு முறை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதும் ஒரு கொட்டையை இடது பக்கம் நகர்த்த வேண்டும். கால் மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு குவியலையும் பார்த்தால் போதும்; நான் அதற்கு மேல் வகுப்பு எடுப்பதில்லை.

வயதான பிறகு அவருக்கு வாய்த்த ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். 2021 ஜனவரியில் பயிற்சியாளர் தாமஸ் டுஹெல் செல்சிக்கு வந்ததும் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தினார். அவர் பாரிஸிலும் இவரைப் பயிற்றுவித்தவர். எது முடியும், எது முடியாது என்று தெரிந்தவர். பக்கவாட்டில் ஓடித் துரத்தும் வேலை ருடிகர் போன்ற இளைஞர்களுக்கு, நடுவில் நின்று கணிக்கும் வேலை இவருக்கு. 2025 கிளப் உலகக் கோப்பையில், இவர் திரும்பிச் சேர்ந்த ஃப்ளுமினென்சேவும் இத்தாலியின் இன்டர் மிலனை 2-0 என்று தோற்கடித்த ஆட்டத்தில் மூன்று பேரைத்தான் நிறுத்தி, இவரை நடுவில் வைத்தது. ஓட்டம் குறைந்தவனுக்கு ஏற்ற இடத்தை அணி கண்டுபிடித்துக் கொடுக்கவும் வேண்டும். அது ஆட்டக்காரன் கையில் மட்டும் இல்லை. உங்கள் மருமகனின் பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள்.

பதில்: செல்லூர்க் குறுக்குக்கேள்வி

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். இருந்தாலும் ஒரு மனிதரைக் கோயில் சிலையாக்கிப் பத்தொன்பது வயதுப் பையன் முன் நிறுத்தினால் அவனுக்கு அது பாரமாகிவிடும். ஆகவே மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

2014 உலகக் கோப்பை பிரேசிலில் நடந்தபோது அணித்தலைவர் இவர். சிலிக்கு எதிரான ஆட்டம் 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனபோது, அணித்தலைவர் முன்னால் போய்ப் பந்தை எடுத்திருக்க வேண்டும் என்று நாடே எதிர்பார்த்தது. இவர் கூட்டத்தை விட்டு விலகி, பந்தின் மேல் உட்கார்ந்து, கண்ணீரோடு வேண்டிக்கொண்டிருந்தார். உதைப்பவர்களின் பட்டியலில் தன்னைக் கடைசியில் வைக்கச் சொன்னதாகவும் அவரே பிறகு ஒப்புக்கொண்டார். பிரேசில் வென்றுவிட்டது, ஆனால் அந்தக் காட்சியை அவருடைய ஊர்ப் பத்திரிகைகள் மன்னிக்கவில்லை.

அடுத்தது கொலம்பியாவோடு காலிறுதி. ஏழாம் நிமிடத்தில் இவரே கோல் அடித்தார். பிற்பாதியில், கோல்கீப்பர் ஒஸ்பினா பந்தை உதைக்கப் போகும்போது தேவையே இல்லாமல் குறுக்கே போய் மறித்து மஞ்சள் அட்டை வாங்கினார். அது அந்தத் தொடரில் அவருடைய இரண்டாவது மஞ்சள் அட்டை. அரையிறுதியில் ஆட முடியாது. அந்த அரையிறுதிதான் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற ஆட்டம். அதைப் பார்வையாளராகத்தான் பார்த்தார். பிறகு அணித்தலைவர் பதவி நெய்மாருக்குப் போனது.

இன்னொன்று: 2017 மார்ச்சில் பார்சிலோனாவிடம் பாரிஸ் 6-1 என்று தோற்ற இரவு. முதல் ஆட்டத்தில் 4-0 என்று வென்றபோது இவர் காயத்தால் ஆடவில்லை. இவர் திரும்பி வந்து அணித்தலைவராக நின்ற ஆட்டத்தில்தான் அந்த வீழ்ச்சி. தற்காப்பு வரிசை தன் கோலுக்கு அருகிலேயே ஒடுங்கி நின்றதற்கு இவரையும் குறை சொன்னார்கள். செல்சிக்கு வந்தபின் லீகில் ஆடிய முதல் ஆட்டமே வெஸ்ட் பிராம் அணியோடு. அணித்தலைவர் பட்டையும் கையில். கடைசி ஆளாக நிற்கும்போது, எளிதாக நிறுத்தியிருக்கக்கூடிய பந்து பாதத்துக்கு அடியில் நழுவிப் போக, காலம் ராபின்சன் அதை எடுத்துக்கொண்டு ஓடி கோல் அடித்தார். அரை மணி நேரம் ஆவதற்குள் 3-0 என்று பின்தங்கி, கடைசி நேரத்தில்தான் 3-3 ஆக்கினார்கள்.

ஆனால் இதே மனிதர் 2015 மார்ச்சில் செல்சி மைதானத்தில் செய்ததையும் சொல்லாவிட்டால் அது நியாயம் ஆகாது. பாரிஸ் அணி இப்ராகிமோவிச்சை இழந்து பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரத்தில் இவர் கையில் பந்து பட்டு, அதற்குக் கொடுத்த பெனால்டியில் செல்சியின் ஹசார்ட் கோல் அடித்தார். தன்னால் போன ஆட்டம். 114-ஆம் நிமிடத்தில் ஒரு கார்னர். இவர் தலையால் அடித்ததை கோல்கீப்பர் கூர்ட்வா தட்டி வெளியே தள்ளினார். மறு கார்னர். மறுபடியும் இவர் தலை. இந்த முறை பந்து வில்லாக வளைந்து கூர்ட்வாவின் கைக்கு மேலே போய் விழுந்தது. 2-2. இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமன் என்றால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்த அணி முன்னேறும் என்ற அன்றைய வெளியூர் கோல் கணக்கில் பாரிஸ் மேலே போனது. கையால் கெடுத்ததைத் தலையால் மீட்டார் என்று அன்று என் நண்பன் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது.

ஒரு தேதிப் பொருத்தம், பொழுதுபோக்காக: அந்த 7-1 ஆட்டம் நடந்தது 2014 ஜூலை 8. இப்போது நீங்கள் பார்த்த அரையிறுதி 2025 ஜூலை 8. நம் கடிகாரத்தில் இரண்டுமே ஜூலை 9 பின்னிரவு. பதினோரு ஆண்டு கழித்து அதே நாளில் இன்னோர் அரையிறுதி. அன்று ஆடக் கூடாது என்று விலக்கப்பட்டவர், இன்று நாற்பது வயதில் களத்தில் நின்று தோற்றார். இரண்டு கோலையும் அடித்த ஜோவாவ் பெட்ரோ ஃப்ளுமினென்சே வளர்த்த பையன் என்பதால் கொண்டாடவில்லை.

பிரேசில்காரரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் நம் சென்னையின் எஃப்சி அணியில் ஆடிய மைல்சன் ஆல்வெஸையும் பார்க்கச் சொல்லுங்கள். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டத்தில், சுனில் சேத்ரி முதலில் கோல் போட்ட பிறகு, இந்த ஸ்டாப்பர் முற்பாதியிலேயே இரண்டு கார்னர்களைத் தலையால் உள்ளே தள்ளினார். சென்னை 3-2 என்று வென்றது. உலகப் புகழ் இல்லாத தற்காப்பு ஆட்டக்காரருக்கும் அப்படி ஒரு மாலை அமையும்.

பதில்: முன்னாள் காசநோய்ப் பணியாளர், திருப்பரங்குன்றம்

கால்பந்து எனக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டில் என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத வந்தேன்.

காசநோய் காற்று வழியாகப் பரவுவது. பாட்டில், தட்டு, டம்ளர், கைகுலுக்கல் வழியாகப் பரவுவது அன்று. அதுவும் சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து தொற்றும் தன்மை போய்விடும். ஆறு மாத மருந்தை முடித்துக் குணமானவர் என்று சொல்லப்பட்ட பையனின் பாட்டிலை மரத்தடியில் வைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. இதை அந்தப் பையன்களிடம் நீங்கள் சொல்வதைவிட மருத்துவரோ மருந்து கொடுத்த பணியாளரோ வந்து சொன்னால் எடுபடும். அழைத்தால் வருவார்கள்.

அந்த ஆட்டக்காரர் ஆறு மாதம் மருத்துவமனையில் கிடந்தார், நம் பையன் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டான், அப்படியானால் இவனுக்குக் குறைவான சிகிச்சையா என்று உங்கள் அக்கா கவலைப்படலாம். பல தாய்மார்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். ரஷ்யாவில் நெடுங்காலம் உள்நோயாளியாக வைத்திருந்து பார்ப்பது பழைய வழக்கம். வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்துச் சாப்பிட்டாலும் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை, வீட்டில் உள்ளவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959 முதல் உலகத்துக்குக் காட்டியதே நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். தோப்பூர் மருத்துவமனை போன்ற இடங்களில் படுக்கை வேண்டியிருப்பது உடல்நிலை மோசமானவர்களுக்கும், மருந்துக்குக் கட்டுப்படாத நோய் உள்ளவர்களுக்கும்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிருமி போனாலும் நுரையீரலில் தழும்பு இருக்கலாம். மூச்சு வாங்குவது மனத்தளர்ச்சியாலா, தழும்பாலா என்று ஊகிக்காமல், நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையும் செய்து மருத்துவர் சொல்லும் அளவுக்கு ஓட வேண்டும். மருந்து முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்ட வேண்டும். அவனுக்கு முதல் முறை இந்த ஆவணியில் வருகிறது, மறக்க வேண்டாம். எடையை மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள்.

மீண்டும்: திருநகர்த் தாய்மாமன்

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. அனைத்தையும் மருமகனிடம் கைபேசியைக் கொடுத்தே படிக்கச் சொன்னேன்; நான் வாயால் சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பான். மாஸ்கோவைப் பற்றிய பகுதியைப் படித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. பந்தின் மேல் உட்கார்ந்து அழுதார் என்ற பகுதியைத்தான் இரண்டு முறை படித்தான்.

மூச்சுப் பரிசோதனை முடிந்தது. சற்றுக் குறைவாக இருக்கிறது, பயிற்சியால் தேறும் என்றார் மருத்துவர். பாட்டில் விஷயத்தை இன்னும் பேசவில்லை. வரும் வாரம் மருந்து கொடுத்த அம்மாவை மைதானத்துக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்.

நேற்று இரவு அந்த இன்டர் மிலன் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். அக்கா புளி உடைத்து வைத்திருந்த முறத்திலிருந்து ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்துவந்து தரையில் குவித்துக்கொண்டான். பந்தைப் பார்க்காமல் ஒரு மனிதரை மட்டும் பார்ப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. என் கண் ஒவ்வொரு முறையும் பந்தோடு போய்விட்டது. அவன் கண் போகவில்லை. முற்பாதியில் தண்ணீர் இடைவேளை வருவதற்கு முன்பே வலது பக்கக் கொட்டை தீர்ந்துவிட்டது. முறத்துக்கு அவன் மறுபடி கையை நீட்ட, அது எதற்கு என்று அக்கா கேட்டாள். “அம்மா, இவர் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போக வேண்டும் என்கிறான். ஒரு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்ததில் பூட்ஸின் அடிப்பாகம் பசை விட்டு வாயைப் பிளந்திருக்கிறது. தைத்துத் தர டவுன்ஹால் ரோடு பக்கம் ஆள் இருந்தால் சொல்லுங்கள்.